கோப்பு இல்லாத பொற்கொடி

மத்திய அரசின் வழக்கறிஞர் ஸ்ரீவத்சன் எழுந்து நிற்பதற்குள்ளேயே தெரிந்துவிட்டது, இன்றைக்கும் இவர் அவகாசம்தான் கேட்கப் போகிறார். அவகாசம் கேட்க வருகிறவர்களுக்கென்று ஒரு தோள் இருக்கிறது, கொஞ்சம் முன்னால் சரிந்த தோள், வாதாட வருகிறவர்கள் அப்படி நிற்க மாட்டார்கள், இத்தனை வருஷம் இந்த உயர் நீதிமன்ற மேடையில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது சட்டமோ என்னவோ, தோள்களைக் கற்றுக்கொண்டிருக்கிறேன். மதியச் சாப்பாடு முடிந்து முதல் வழக்கு. தயிர்சாதம் இன்னும் நெஞ்சில் நிற்கிறது. ஆட்கொணர்வு மனு, கித்தேரியான் என்கிற நாட்டுப்படகு மீனவர் சங்கத் தலைவர், துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்துக் கரையை மறித்தவர், தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே போட்டிருக்கிறார்கள், விசாரணை கிடையாது, ஒரு வருஷம் வரை வைத்திருக்கலாம். ஆனால் அதே சட்டம் ஒரு சின்னக் கதவையும் திறந்து வைத்திருக்கிறது. உள்ளே இருப்பவன் மத்திய அரசுக்கு ஒரு முறையீடு அனுப்பலாம், அரசு அதை உடனுக்குடன் பார்த்துப் பதில் சொல்லியாக வேண்டும், காரணமில்லாமல் தாமதித்தால் அந்தத் தாமதத்துக்காகவே ஆளை விட்டுவிட வேண்டும். கித்தேரியான் அனுப்பி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. "முறையீடு அமைச்சகத்தின் பரிசீலனையில் இருக்கிறது, மை லேடி. இன்னும் சிறிது அவகாசம் வேண்டும்" என்கிறார் ஸ்ரீவத்சன், அவருடைய அழகான ஆங்கிலத்தில். போன தடவையும் இதே வாக்கியம். அதற்கு முந்தின தடவையும். பரிசீலனையில் இருக்கிறது. இந்த வார்த்தை எனக்கு நன்றாகவே பழக்கம், ஏனென்றால் நானும் அங்கேதான் இருக்கிறேன், அதே தில்லியில், ஏதோ ஒரு மேசையில், பரிசீலனையில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், கையெல்லாம் பிசுபிசுப்பு, அப்போதுதான் தில்லியிலிருந்து அழைப்பு. உச்ச நீதிமன்றத்துக்கு உங்கள் பெயரை எடுத்துக்கொண்டிருக்கிறோம், சம்மதம்தானே? அவ்வளவுதான். விண்ணப்பம் இல்லை, நேர்காணல் இல்லை. மூத்த நீதிபதிகள் ஐந்து பேர் ஓர் அறையில் உட்கார்ந்து பேசுகிறார்கள், இங்கிருந்து அங்கே போன நீதிபதிகளைக் கூப்பிட்டு அந்தம்மா எப்படி என்று கேட்கிறார்கள், பெண் பார்க்கிற வீட்டார் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்களே, அதேதான். யார் என்ன சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தீர்மானம் வெளியானது, நான்கு பெயர்களில் என் பெயர் இரண்டாவது. சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே நாளில் என்னைக் கண்டுபிடித்தார்கள். வழக்கறிஞர்கள் குனிகிற குனிவு ஒரு அங்குலம் கூடியது. லிஃப்ட் கதவு மூடும்போது யாரோ "லேடீஸ் கோட்டா சார், வேறென்ன" என்றதையும் கேட்டேன், முகத்தில் ஒன்றும் காட்டாமல் இறங்கிப் போனேன், அந்தக் குரல் யாருடையது என்று இன்னும் மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறது. ஐந்து பேர் எழுதி அனுப்பினால் அது அரசுக்குப் போகும், அரசு போலீஸை விட்டு விசாரிக்கும், பிறகு கையெழுத்தாகி ஜனாதிபதியின் நியமன ஆணை வரும், இதுதான் முறை. விசாரிக்க வந்தவர் பக்கத்து வீட்டு அம்மாளிடம், இந்த வீட்டுக்கு எந்தப் பத்திரிகை வருகிறது, கூட்டங்களுக்குப் போவார்களா என்று கேட்டுவிட்டுப் போனாராம். நாங்கள் எந்தக் கூட்டத்துக்குப் போவோம், என் கணவருக்கு மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பல்வலிக்குக்கூட வெளியே போகச் சோம்பல். அதன்பிறகு மற்ற மூன்று பெயர்களுக்கும் ஆணை வந்துவிட்டது. பதவியேற்பை டிவியில் பார்த்தேன். நாலாவதாக இருந்தவர்கூட எனக்கு மூத்தவராகிவிட்டார், அங்கே யார் முதலில் பதவியேற்கிறார்களோ அவர்தான் மூத்தவர். என் பெயர் மட்டும் கிணற்றில் போட்ட கல். திருப்பியும் அனுப்பவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. அடுத்த மாதக் கடைசியில் எனக்கு அறுபத்திரண்டு முடிகிறது, இங்கே ஓய்வு. அதற்குள் ஆணை வந்தால் அங்கே இன்னும் மூன்று வருஷம். வராவிட்டால் ஒரு மாலை, ஒரு பிரிவுபசார உரை, வீட்டுக்குப் போய் வெண்டைக்காய்.

எது குற்றம் என்று தெரிந்தாலாவது தூங்கலாம். அந்த நில எடுப்புத் தீர்ப்பா? அதில் அரசுக்குச் சாதகமாகத்தான் பாதி எழுதினேன். மகளிர் கல்லூரி ஆண்டுவிழாவில், கேள்வி கேட்கிற பெண்களை எனக்குப் பிடிக்கும் என்று பேசினேனே, அதுவா? அது பத்திரிகையில் ஒரு மூலையில் வந்தது. இல்லை, என் பெயரேவா, பொற்கொடி என்று பெயர் வைத்த அப்பா எந்த மேடையில் பேசினார் என்று தோண்டியிருப்பார்களா? அப்பா போய் இருபது வருஷம் ஆகிறது. கேட்கவும் முடியாது. கேட்டால் பதவிக்கு அலைகிறாள் என்பார்கள், கேட்காவிட்டால் தலைக்கனம் என்பார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அந்தப் பதவி வேண்டும். மிகவும் வேண்டும். சம்மதம்தானே என்று கேட்டபோது யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லத் தயாராக வைத்திருந்த வாக்கியத்தை விட்டுவிட்டு, சரி சார், சரி சார் என்று இரண்டு தடவை சொன்னேன். இன்று காலை இட்லியைப் பிட்டுக்கொண்டே என் கணவர் திருஞானம் கேட்டார், "அந்தத் துறைமுகக் கேஸ் இன்னிக்குத்தானே வருது?" ஆமாம் என்றேன். "தள்ளிப் போடேன். ரெண்டு வாரத்துல என்ன குடி முழுகிடப் போகுது?" "உள்ள இருக்கறவனுக்குக் குடி முழுகுமே." "அவன் ஏற்கெனவே உள்ளதான இருக்கான். நான் உனக்காகச் சொல்றேன். அந்தத் துறைமுகம் அவங்களுக்கு எவ்வளவு முக்கியம்னு ஊருக்கே தெரியும். இந்த நேரத்துல போய்க் கைய வைக்கணுமா?" என்னிடம் வழக்கு பற்றி ஒரு வார்த்தை பேசாதவர் இத்தனை வருஷத்தில். கோபம் வந்தது, ஆனால் கோபத்துக்குக் கீழே வேறு ஒன்றும் இருந்தது. யாராவது இதைச் சொல்ல மாட்டார்களா என்று நான் நேற்றிலிருந்து காத்திருந்ததுதான் அது.

குணசீலி எழுந்துவிட்டாள். கித்தேரியானின் வழக்கறிஞர், நல்ல உருண்டை உடம்பு, கணீரென்ற குரல், கறுப்பு அங்கியின் ஒரு பக்கம் எப்போதும் தோளிலிருந்து வழியும், பேசிக்கொண்டே இழுத்து விட்டுக்கொள்வாள். "மை லேடி, தாமதத்துக்கு ஒரு வரி விளக்கம் கூட இல்லை. எந்த அதிகாரி, எப்போது பார்த்தார், எதுவும் பதில் மனுவில் இல்லை. இந்த நீதிமன்றம் இந்தக் காரணத்துக்காக எத்தனையோ பேரை விட்டிருக்கிறது. மை லேடியே விட்டிருக்கிறீர்கள்." விட்டிருக்கிறேன். சாராயம் காய்ச்சினவனை, சங்கிலி அறுத்தவனை, பேருந்து எரித்தவனைக்கூட. யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. பின்வரிசையில் சுவரோரமாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், மஞ்சள் பூப்போட்ட சேலை, கழுத்தில் சிலுவை கோத்த கறுப்புக் கயிறு. முதல் நாள் குணசீலி காட்டினாள், இவர்தான் மனுதாரர், கித்தேரியானின் மனைவி செல்வ மேரி என்று. அவளுக்கு இங்கே பேசுகிற ஆங்கிலம் ஒன்றும் புரியாது. அதனால் அவள் பேசுகிறவர்களைப் பார்ப்பதில்லை, என் முகத்தை மட்டும் பார்க்கிறாள். கண்ணை எடுப்பதே இல்லை. நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் பயப்படுகிறாள், தண்ணீர் குடித்தால் நிமிர்கிறாள். என்னம்மா தெரிகிறது என் முகத்தில், எனக்கும் கொஞ்சம் சொல்லேன். மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைக் குளிர்ந்த தரையில் வைத்தேன். ஏசி நேராகக் கழுத்தில் அடிக்கிறது. கரையை மறித்த அன்று நடந்த கலவரத்தில் ஒரு காவலருக்கு ஒரு கண் போயிற்று, மருத்துவ அறிக்கை வழக்குக் கட்டில் இருக்கிறது, நேற்று படித்தேன், முப்பது வயசுகூட ஆகாத பையன். கல்லை எறிந்தது கித்தேரியான் இல்லை, ஆனால் எறிந்தவர்களைக் கூட்டி வந்தது அவன்தான். அவனை எனக்குப் பிடிக்கவில்லை, பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை, கேள்வி தாமதம் பற்றியது மட்டும்தான். மட்டும்தானா?

பக்கத்து நாற்காலியிலிருந்து சந்தானகிருஷ்ணன் சாய்ந்தார். இந்த அமர்வில் நாங்கள் இரண்டு பேர், நான் மூத்தவள், அவர் எனக்குப் பத்து வயசு இளையவர், நல்ல மனிதர், நீதிபதிகள் ஒருவரையொருவர் பிரதர் சிஸ்டர் என்று கூப்பிட்டுக்கொள்கிற எங்கள் வழக்கத்தில் அவர் வாயில் மட்டும்தான் அந்த சிஸ்டர் நிஜமான அக்கா போலக் கேட்கும். வழக்குக் கட்டை முகத்துக்கு மறைவாக வைத்துக்கொண்டு, மைக்கில் விழாமல், "சிஸ்டர், ஸ்ரீவத்சன்தான் டைம் கேக்கறாரே. குடுத்துடலாமா? லீவுக்கு முன்னாடி எப்படியும் ரோஸ்டர் மாறுது. வேற பெஞ்ச் பாத்துக்கட்டும்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "உங்களுக்கு இது தேவையா?" என்றார். அன்புதான். அவர் கண்ணில் சூது கிடையாது. எல்லோரும் எனக்கு அன்பு செய்கிறார்கள், காலையில் இட்லித் தட்டிலிருந்து ஆரம்பித்து. யோசித்துப் பார்த்தால் எவ்வளவு நேர்த்தியான வழி. மனுவைத் தள்ளுபடி செய்தால் பதவிக்காகச் செய்தாள் என்பார்கள். அனுமதித்தால் வரவில்லை என்கிற கடுப்பில் செய்தாள் என்பார்கள், இல்லை, ஐந்து பேர் முன்னால் நிமிர்ந்து காட்டினாள் என்பார்கள். தள்ளி வைத்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். தள்ளி வைப்பது தினமும் நூறு தடவை நடக்கிறது, அதில் எந்தக் கை ரேகையும் பதியாது. என்னையும் அப்படித்தானே வைத்திருக்கிறார்கள். ஒருவரும் என்னை வேண்டாமென்று சொல்லவில்லை, ஒருவரும் தப்பு செய்யவில்லை, ஒரு மேசையில் கட்டு கிடக்கிறது, அவ்வளவுதான்.

சரி, தில்லியில் என் கோப்பே இல்லை என்று வைத்துக்கொள். அந்த ஞாயிற்றுக்கிழமை அழைப்பு வரவே இல்லை. வெண்டைக்காய் பொரியலாகி, சாப்பிட்டு, தூங்கி எழுந்து, திங்கட்கிழமை வந்து இதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள் பொற்கொடி. அவள் என்ன செய்வாள்? அவளை ஒரு நிமிஷம் இங்கே உட்கார வைத்துப் பார்க்கலாம் என்று கண்ணை மூடினேன். கோப்பு இல்லாத பொற்கொடி ஸ்ரீவத்சனைப் பார்த்து, மூன்றாவது தடவை கேட்கிறீர்களே என்று சிரித்திருப்பாள். விளக்கம் இல்லை, தாமதம் இரண்டு மாதத்துக்கு மேல், சட்டம் தெளிவு, அனுமதி, அடுத்தது. இதுதானே? இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் இப்படி நினைப்பது யார், அவளா நானா? அவள் அந்தக் காவலனின் கண்ணைப் பற்றி இன்னும் கொஞ்சம் யோசித்திருப்பாளோ? ஒரு வாரம் கொடுத்துப் பார்ப்போம் என்று சும்மா, எந்தப் பயமும் இல்லாமல், நிஜமாகவே நியாயமாக, ஒரு வாரம் கொடுத்திருப்பாளோ? அவளுக்கு அப்படிக் கொடுக்க உரிமை இருந்தது. எனக்கு இல்லை. நான் ஒரு வாரம் கொடுத்தால் அது பயம். கொடுக்காவிட்டால் அது ரோஷம். அவள் செய்யக்கூடிய எதையும் நான் அவள் மாதிரிச் செய்ய முடியாது. எங்கே போனாள் அந்தப் பொம்பளை, ஆறேழு மாதத்துக்கு முன்பு வரை இருந்தாளே. கண்ணைத் திறந்தால் செல்வ மேரி இரண்டு கையையும் மடியில் இறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை மூடினதற்கு அவள் என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டாளோ தெரியவில்லை.

"எந்த மேசையில் இருக்கிறது, மிஸ்டர் ஸ்ரீவத்சன்?" என்று கேட்டேன். குரல் எனக்கே கொஞ்சம் உரக்கக் கேட்டது. "மை லேடி?" "முறையீடு. இரண்டு மாதமாக எந்த அதிகாரியின் மேசையில் இருக்கிறது? பெயர் வேண்டாம், பதவியைச் சொல்லுங்கள்." அவர் பின்னால் திரும்பி ஜூனியரைப் பார்த்தார், ஜூனியர் கட்டைப் பார்த்தார். பிறகு ஸ்ரீவத்சன் சிரித்தார், மரியாதையான சிரிப்பு, பழகின சிரிப்பு. "தில்லியில் கோப்புகள் எப்படி நகரும் என்று மை லேடிக்குத் தெரியாததா?" முன்வரிசையில் இரண்டு பேர் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். மூன்றாவது ஆள் சிரித்தே விட்டான். ஸ்ரீவத்சனின் முகம் உடனே வெளுத்துப் போனது, நாக்கு நழுவிவிட்டது அவருக்கு, வேண்டுமென்று சொல்லவில்லை, இருபத்தைந்து வருஷமாக எல்லா நீதிபதியிடமும் சொல்லி வந்த தமாஷை ஆள் பார்க்காமல் என்னிடமும் சொல்லிவிட்டார். காதுமடல் சுட்டது. கழுத்தில் ஏசி, காதில் நெருப்பு. சந்தானகிருஷ்ணன் தலையைக் குனிந்துகொண்டார், என் பொருட்டு அவருக்கு அவமானம். பிறகு, உங்கள் இஷ்டம் சிஸ்டர் என்கிற மாதிரித் தலையசைத்தார். நான் சுருக்கெழுத்தாளரைப் பார்த்தேன், அவர் பென்சிலை எடுத்தார். "எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன். வாக்கியங்கள் வரிசையாக வந்தன, ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை, இந்த உத்தரவைத் தூக்கத்தில் எழுப்பினாலும் என்னால் சொல்ல முடியும். முறையீடு பெறப்பட்ட நாள் மறுக்கப்படவில்லை. தாமதத்துக்கு விளக்கம் அளிக்கப்படவில்லை. தனிமனித சுதந்திரம் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குச் செல்லும் வேகத்தைப் பொறுத்திருக்க முடியாது. அந்தக் கடைசி வாக்கியம் வழக்கமான உத்தரவில் கிடையாது, அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், வெட்கமாகவும் இருந்தது, எடுத்துவிடச் சொல்லவும் மனசு வரவில்லை. தடுப்புக்காவல் ரத்து. மனு அனுமதிக்கப்படுகிறது. கோபத்தில் போட்ட உத்தரவா இது? சரியான உத்தரவு. கோபத்தில் போட்ட சரியான உத்தரவு. அந்தத் தமாஷ் வந்திருக்காவிட்டால் என்ன செய்திருப்பேன் என்கிற கேள்வி எழுந்தது, அதற்கு இனிமேல் பதில் கிடைக்காது.

குணசீலி குனிந்து வணங்கிவிட்டுப் பின்வரிசைக்கு ஓடினாள், அங்கி வழிய. செல்வ மேரிக்கு இன்னும் ஒன்றும் புரியவில்லை, என் முகத்தில் தேடிக்கொண்டே இருக்கிறாள், குணசீலி காதில் சொன்ன பிறகுதான் பார்வை என்னை விட்டு விலகியது. "இன்னைக்கே விட்ருவாவளா?" என்று அவள் கேட்டது மேடை வரைக்கும் கேட்டது. டபேதார் "சத்தம் போடாதீங்கம்மா" என்றார். ஸ்ரீவத்சன் பவ்யமாகக் குனிந்து கட்டுகளை அள்ளினார், இன்று சாயங்காலத்துக்குள் தில்லிக்குத் தகவல் போய்விடும், அவரிடமிருந்து இல்லாவிட்டாலும் வேறு யாரிடமிருந்தாவது. சந்தானகிருஷ்ணன் மறுபடியும் சாய்ந்தார். "பெரிய தைரியம், சிஸ்டர்" என்றார், கண் லேசாகக் கலங்கியிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைத்து என்ன, நன்றாகவே இருந்தது, தயிர்சாதம்கூடக் கீழே இறங்கிவிட்டது. ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. தைரியமா? மாதத்துக்கு எத்தனை தடவை இதையே போடுகிறோம் நாங்கள், சங்கிலி அறுத்தவனுக்குப் போட்டபோது யாரும் தைரியம் என்று சொல்லவில்லையே. சட்டத்தில் இருக்கிறதைச் சொல்வதற்குத் தைரியம் வேண்டும் என்றால் நான் ஏற்கெனவே எங்கேயோ இறங்கி வந்துவிட்டேன். அதுகூடப் பரவாயில்லை. அந்தச் சந்தோஷத்துக்கு நடுவிலேயே மனசு கணக்குப் போட ஆரம்பித்திருந்தது. ஐந்து பேர் நாளைக்குப் பத்திரிகையில் படிப்பார்கள், படிக்கட்டும், இந்தம்மாவை ஏன் இன்னும் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள் என்று மறுபடி எழுதிக் கேட்பார்கள். ஆனால் அரசும் படிக்கும். அந்த மேசைக்குப் பற்றிக்கொண்டு வரும். என்ன செய்தால் கொஞ்சம் தணியும்?

நீதிமன்ற அலுவலர் அடுத்த வழக்கைக் கூப்பிட்டார். மாசிலாமணி, டெல்டா பக்கத்து விவசாயி, வேறு மாவட்டம், வேறு மறியல், அதே சட்டம், அதே அமைச்சகம், முறையீடு அதே பரிசீலனையில். இடது பக்கத்தில் வேட்டி கட்டின ஒரு பெரியவர், முந்தின வழக்கில் நடந்ததை வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தவர், பெயரைக் கேட்டதும் எழுந்து நின்றார். மாசிலாமணி இவர் மகனாக இருக்கும். குணசீலியின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிற செல்வ மேரியைப் பார்த்து அவர் சிரித்தார், நமக்கும் ஆச்சு என்கிற மாதிரி. நான் அந்த வழக்குக் கட்டை இழுத்தேன். தேதியைப் பார்த்தேன். இதில் ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகிறது. ஒரு மாதம் ஒன்றும் அவ்வளவு பெரிய தாமதம் இல்லை, இப்படி வந்த ஒன்றிரண்டைத் தள்ளுபடியும் செய்திருக்கிறோம், தீர்ப்புகள் இருக்கின்றன, எடுத்துச் சொல்லலாம். வாதம் தானாக வந்தது, நான் தேடவே இல்லை. ஒரே நாளில் இரண்டும் அவர்களுக்கு எதிராகப் போக வேண்டாம், ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிடும், யாரும் எதுவும் சொல்ல முடியாது. மாசிலாமணியின் வழக்கறிஞர், சின்னப் பையன், ஆர்வமாக எழுந்து தொண்டையைச் செருமினான். நான் அவனைக் கையமர்த்திவிட்டு, "மிஸ்டர் ஸ்ரீவத்சன், முதலில் நீங்கள் சொல்லுங்கள்" என்றேன், நன்றாக, அன்பாகக்கூட. பெரியவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார், டபேதார் சைகை காட்டியும் உட்காரவில்லை, என் முகத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.